தையல் மிஷினில் இருந்த ஓட்டைக் காசு

என் தையல் மிஷினின் மிதிகட்டை போல்ட்டில் ஒரு பழைய ஓட்டைக் காசு வாஷராகக் கிடந்தது. பழங்காசுக்கு ஆயிரக்கணக்கில் விலை என்று போனில் வீடியோ பார்த்ததும், அதைக் கழற்றிக்கொண்டு ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழங்காசு வாங்கும் பாய், லென்ஸ் வைத்துப் பார்த்தார். "காசுல இருக்க கிரீடம் தேஞ்சுபோச்சு. ஓட்டையச் சுத்திப் போல்ட்டு அழுத்துன தடம் வேற. அம்புட்டுப் பேரும் இத வாஷராத்தான் போட்டிருக்காக. இருபது ரூவா தாரேன்க்கா."

இருபது ரூபாயாம்! ஓட்டைக் காசை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கடையில் வாங்கிய புது வாஷரை மாட்டித் தைத்தேன். மிதிக்க மிதிக்கக் கடகடவென்று ஆடியது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் காசையே திரும்ப மாட்டினேன். சத்தம் அடங்கியது. பாய் விலையைக் குறைத்த அதே தடத்தில்தான் போல்ட்டு போய் உட்கார்ந்தது.