ஆளில்லாமல் சாய்ந்து நின்ற கார்

என் முதல் உத்தியோகம் எடைக்கல். சோழவரம் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் மாமாவுக்குக் கார் பட்டறை. பள்ளி விடுமுறையென்றால் நான் அங்கேதான் கிடப்பேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்கு என் உடம்பு கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்பது என்மேல் எனக்குள்ள பாசம்.

ஒரு கோடையில் இரண்டே கதவுள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. ஓட்டாமல் நின்று நின்று அதன் ஷாக் அப்சார்பர்கள் எண்ணெய் ஒழுகித் தொய்ந்திருந்தன. கூடவே காருக்குரிய பையனின் அம்மா வந்தார். மாமா நான்கு ஷாக்கையும் மாற்றினார். மாற்றியபின் வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். இந்த வகை வண்டியை, ஓட்டுகிறவரின் எடையை இருக்கையில் ஏற்றிவிட்டுத்தான் மாமா அளப்பார்.

"உங்க புள்ள இன்னா எட, அக்கா?"

"எழுபது கிலோ. ராத்திரியில சரியா சாப்பிட மாட்டான் தம்பி, சொன்னாலும் கேக்க மாட்டான்."

மாமா என்னைப் பார்த்தார். "ஏறுடி மூட்டை."

ஓட்டுநர் இருக்கையில் என்னை உட்காரவைத்து, என் மடியில் அரை மூட்டை அரிசியையும் இறக்கினார். யாரோ இப்போதுதான் இறங்கிப் போனதுபோல் உள்ளே சென்ட் வாசனை. ஸ்டியரிங்கில் இரண்டு கைகள் பிடித்துப் பிடித்துப் பளபளப்பேறிய இடங்கள். அங்கே கை வைத்தேன். அந்த வெயிலிலும் சில்லென்றிருந்தது.

மாமா நாலு மூலையையும் அமுக்கிவிட்டு, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் பிடித்தார். இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. நான் இறங்கியதும் வலப்பக்கம் மூச்சு விட்டதுபோல் எழும்பியது. அந்த அம்மாவின் முகம் மாறிப்போனது.

"இன்னா தம்பி, எழுந்து போயிட்டான்?"

மாமா டேப்பைச் சுருட்டினார்.

"அவன் உக்காந்தா எப்டி நிக்குமோ அப்டியே நிக்கணும். இல்லன்னா இத்த நான் ஊட்டுக்கு எடுத்துக்கினு போவ மாட்டேன்."

மாமா என்னை டீ வாங்க அனுப்பினார். நான் திரும்பியபோது ஏரிக்காற்று நின்றிருந்தது. காரின் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். உள்ளே ஆளில்லை. வலப்பக்கம் மட்டும் இறங்கியிருந்தது. எட்டிப் பார்த்தேன். இருக்கையில் ஒரு பள்ளம். அது நான் உட்கார்ந்ததுதான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் உட்கார்ந்த பள்ளம் அவ்வளவு சின்னதாக இருக்க நியாயமில்லை.

"மாமா! உள்ள யாரோ உக்காந்துக்கினு கீறாங்க!"

"ஒருத்தரும் இல்ல. டீய ஊத்து."

விடவில்லை. டேப்பை எடுத்து நானே அளந்தேன். ஒரு விரல் இறக்கம்.

"வலது பக்கம் கீழ கீது மாமா."

"ரெண்டும் ஒண்ணுதான். பேஜாரு பண்ணாத."

நூலளவு பிசகினால் மொத்தத்தையும் கழற்றிப் போடுகிற மனிதர் சொன்னது இது.

அந்த அம்மா வந்து வலப்பக்கக் கதவைத் திறந்தார். காலி இருக்கைக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். தூங்குகிறவரை எழுப்பிவிடாதபடி கதவைச் சாத்தினார். பிறகு சுற்றிவந்து இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். காரை லாரியில் ஏற்றும்போதும் அவர் இறங்கவில்லை. வலப்பக்கம் திரும்பி ஏதோ பேசிக்கொண்டே போனார். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டு மூட்டை தெரிந்திருக்கும்.

பையன் மஞ்சள் காமாலையில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஷாக்கில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தைத் திருகி மாமாதான் அந்தப் பக்கத்தை இறக்கியிருக்கிறார். இதெல்லாம் நான் வளர்ந்தபின் தெரிந்தவை. அன்றைக்குப் பயம் தெளிந்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: மாமா கோட்டை விட்டுவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது என் அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன்.

"உன் தம்பிக்கு அளக்கவே தெரியலம்மா."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஆமாக்கா, தப்பாதான் அளந்துட்டேன்" என்றார்.

மாமா தோற்று நான் பார்த்ததேயில்லை. ஜெயித்த குஷியில் அவர் தட்டிலிருந்த அப்பளத்தையும் எடுத்துத் தின்றேன்.