ஊசி பூஜையில் இருந்த நாள்

ஆயுத பூஜையன்று காலை ஏழு மணிக்கு அம்மா என் கத்தரிக்கோலுக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். அடுத்து ஊசி டப்பா, பூவேலை வளையம், அளவு நாடா, பென்சில், குறிப்பு நோட்டு. எல்லாம் அப்பாவின் தறிச் சாமான்களுக்குப் பக்கத்தில் வரிசையாக அமர்ந்தன. மறுநாள் விஜயதசமி பூஜை முடியும்வரை அவற்றைத் தொடக் கூடாது. ஜலகண்டாபுரத்தில் எங்கள் நெசவுத் தெரு முழுவதும் அன்று தறிச் சத்தம் இருக்காது. யாரும் ஓர் எழுத்துகூட எழுதமாட்டார்கள்.

பூஜைச் சாமான்களுக்குப் பின்னால் சுவரில் தொங்கவிட ஆறு வாரமாக ஒரு திரை தைத்திருந்தேன். வெள்ளைக் காடாத் துணி; நடுவில் குத்துவிளக்கு, இரு பக்கமும் கிளிகள், மேலே மாவிலைத் தோரணம். மாலை நான்கு மணிக்குப் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அதைப் பார்க்க வருவதாக இருந்தது. அங்கே தையல் ஆசிரியை வேலை காலி. "சர்ட்டிபிகேட்டைப் பார்த்துட்டேன், இனி கையைப் பார்க்கணும்" என்று சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் எனக்காக மேலே எழுதுவார். இல்லாவிட்டால் என்ன என்பதை அப்பா முன்பே சொல்லிவிட்டார்: "நோம்பி முடிஞ்சா ராட்டையில நூல் சுத்த உக்காந்துக்க." சேலத்தில் இரண்டு வருஷம் விடுதியில் வைத்துப் படிக்க வைத்தவர். அவர்மேல் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆணி அடித்தாயிற்று. அம்மா திரையை எடுத்து வந்து விரித்தாள். நான் முதலில் கிளிகளின் அலகைப் பார்த்தேன். பிறகு விளக்கின் சுடரை. சிவப்பு இருந்த ஏழு இடத்திலும் சாயம் கசிந்து வெள்ளையில் பரவியிருந்தது.

"என்னம்மா பண்ணுனீங்க?"

"ஓரமெல்லாம் சுருண்டுக்கிட்டு நின்னுது சாமி. வெறப்பா தொங்கட்டும்னு நேத்து கஞ்சி போட்டேன்."

சூடான கஞ்சியைத் தறியின் பாவு நூலுக்குத் தடவும் பிரஷ்ஷால் இரு பக்கமும் இழுத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் நூலால் ஆன எதற்கும் கஞ்சி போட்டே பழக்கம். அவளைக் கோபித்துக்கொள்ளப் போனேன். அதற்குள் சேலத்துத் தையல் பயிற்சியில் மனப்பாடம் செய்த பட்டியல் நினைவுக்கு வந்தது. நான்காவது வரி: ஒவ்வொரு நிற நூலையும் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார். பச்சையை நனைத்துப் பார்த்திருந்தேன், மஞ்சளைப் பார்த்திருந்தேன், நீலத்தைப் பார்த்திருந்தேன். சிவப்பைப் பார்க்கவில்லை. யுத்தக் காலம் அது; கடைகளுக்குச் சிவப்புப் பூவேலை நூல் வரவில்லை. அப்பா நெய்யும் வேட்டிக் கரைக்கு வாங்கியதில் மிஞ்சிய நூலைப் பிரித்துத் தைத்தேன். வீட்டு நூல்தானே என்று விட்டுவிட்டேன்.

இனி என்ன செய்யலாம் என்று பட்டியல் போட வேண்டும். பென்சில் பூஜையில். விரல்களை மடக்கினேன். அலசினால் இன்னும் பரவும். மேலே பச்சை இலை தைத்து மறைக்கலாம்; ஊசி இல்லை. ஓரத்தை வெட்டலாம், கத்தரிக்கோல் இல்லை. திரை முடியவில்லை என்று பொய் சொல்லலாம். அப்படியே மாட்டலாம்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அப்பன் கோயிலுக்குப் போயிருக்காரு. ஊசிய எடுத்துக்க. கேட்டா நாந்தான் எடுத்தேன்னு சொல்லிக்கறேன்."

ஊசி டப்பா கை எட்டும் தூரத்தில் இருந்தது. சந்தனம் இன்னும் காயவில்லை. எடுத்தால் பழி அம்மாமேல் விழும். அதுவும் என் தப்புக்காக. "வேண்டாம்மா" என்று திரையை அப்படியே ஆணியில் மாட்டினேன்.

பொரி கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அத்தை திரையை நின்று பார்த்தாள். "ஏங்கண்ணு, கிளி ரெண்டும் வெத்தல போட்டிருக்குதா?"

அம்மா சிரிக்கவில்லை. அப்பா திரும்பி வந்து கறையையும் பார்த்தார், பூஜையில் இருந்த டப்பாவையும் பார்த்தார்.

நான்கு மணிக்குத் தலைமையாசிரியை வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரருகே போனார். "இது என்னம்மா?"

"சாயம் ஓடிருச்சுங்க. சிவப்ப நனைச்சுப் பாக்காம தெச்சது என் தப்புங்க."

"கஞ்சி போட்டது நானுங்க" என்றாள் அம்மா.

"கஞ்சி போடாட்டியும் முதல் சலவையில ஓடியிருக்கும்மா" என்றேன்.

அவர் திரையின் மூலையைத் தூக்கிப் பின்புறத்தைப் பார்த்தார். முடிச்சுகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவினார். "இதுக்கு மேல ஒரு இலை தைச்சு மறைச்சிருக்கலாமே?"

"ஊசி பூஜையில இருக்குதுங்க."

அவர் பூஜைப் பக்கம் திரும்பி என் டப்பாவையும் பென்சிலையும் பார்த்தார். அப்பா தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் பேனாவும் பூஜையிலதான் இருக்கு" என்றார். "நல்லதோ கெட்டதோ, இன்னிக்கு எதுவும் எழுத முடியாது. நாளைக்குப் பூஜை முடிஞ்சதும் ஊசியோட பள்ளிக்கூடத்துக்கு வா."

மறுநாள் அம்மா தன் கையால் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை மேஜையில் ஒரு வெள்ளைத் துணியையும் ஒரு கண்டு சிவப்பு நூலையும் வைத்தார். "ஒரு கிளி, என் முன்னாலேயே."

நான் தண்ணீர் கேட்டேன். குடிக்கத்தான் என்று நினைத்து ஆயா செம்பு நிறையக் கொண்டுவந்தாள். ஒரு முழம் நூலை அறுத்து நனைத்து, துணியின் மூலையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். மனதுக்குள் அறுபதுவரை எண்ணிவிட்டு விரலை எடுத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

ஊசியில் நூலைக் கோத்து நிமிர்ந்தபோது, அவர் பேனா மூடியைக் கழற்றியிருந்தார்.