ஸ்டெல்லா நிற்கும் பதினான்காம் பக்கம்

செய்தி வந்தபோது வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில் மீன் பொதிந்த மாலு பாண் வாங்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அன்டன், ஸ்டெல்லாவின் கணவர். “வாசுகி, ஸ்டெல்லா போயிட்டா. காலமை ஆறு மணிக்கு.” நான் “ஓம்” என்றேன். கடைக்காரர் பையை நீட்டினார். உள்ளே இரண்டு மாலு பாண் இருந்தன. அவள் அலுவலகத்துக்கு வராமல் ஐந்து மாதம் ஆகியும் நான் இரண்டுதான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

‘அவர்’ என்று எழுதத்தான் பார்த்தேன். கை வரவில்லை. பன்னிரண்டு வருடம் எதிரெதிரே கதிரை போட்டு உட்கார்ந்தவள்.

உங்களில் சிலருக்கு அவளைக் கொட்டாஞ்சேனைக் கோயில் பாடகர் குழுவில் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்குப் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் வங்கியிலோ பாடசாலையிலோ ஒரு மென்பொருளின் தமிழ்க் கையேட்டைத் திறந்து, “மவுஸின் இடது பொத்தானை ஒருமுறை அழுத்தி விடுங்கள்” என்ற வரியின் உதவியால் வேலையை முடித்திருந்தால், அந்த வரி அவளுடையதாக இருக்கலாம். கையேட்டில் எழுதியவர் பெயர் போடும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

எங்களிடம் ஒரு பரிசோதனை இருந்தது. எழுதியவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் காதில் விழுந்ததை மட்டும் செய்ய வேண்டும். தெரிந்த வேலை என்று ஒரு விரல்கூட அதிகமாக அசைக்கக் கூடாது. நான் முதன்முதலாக எழுதியதில், “கோப்பின் மேல் இடது பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, பெட்டிக்குள் இழுத்துச் செல்லுங்கள்” என்று வாசித்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்தபோது அவள் அப்படியே இருந்தாள். வலது கை மவுஸில். இடது கையால் கோப்பையை வாங்கிக் குடிக்கத் தொடங்கினாள்.

“என்ன செய்யிறீர்?” என்று கேட்டேன்.

“நீர் விரலை எடுக்கச் சொல்லேல்லையே. இங்க நிக்கிறன்.”

எனக்குக் கோபம் வந்தது. “அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்” என்றேன். “எழுதினவருக்குத் தெரியும். வாசிக்கிறவரிட்ட இந்தக் கடுதாசி மட்டும்தான் இருக்கு” என்றாள். “பொத்தானிலிருந்து விரலை எடுங்கள்” என்ற வரியை எழுதிக் காட்டிய பிறகுதான் எடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அது வாய்வழக்கம். எங்கே தடங்கினாலும், பஸ் வராவிட்டாலும், “இங்க நிக்கிறன்”.

பிறகு நரம்பு நோய் வந்தது. முதலில் வலது கை போயிற்று. மவுஸை இடது பக்கம் மாற்றிப் பார்த்தாள். அழுத்திப் பிடித்தபடி இழுக்க அந்த விரல்களுக்கும் பலம் போதவில்லை. கீபோர்ட் விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டத்தான் முடிந்தது. “நாங்க எழுதின எல்லாம் ரெண்டு கையும் நல்லா இருக்கிற ஆளுக்குத்தான், வாசுகி” என்றாள். இனி மவுஸால் செய்வதை எழுதும் ஒவ்வொரு இடத்திலும் கீபோர்ட்டால் செய்யும் வழியையும் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். நாங்கள் கடைசியாகச் சேர்ந்து எழுதிய கையேடு, பாடசாலைகளில் எந்த நேரம் எந்தப் பாடம் என்ற நேரசூசியைத் தயாரிக்கும் மென்பொருளுக்கானது; அதில் முதல் பதின்மூன்று பக்கங்களுக்கு அவளே அதை எழுதியும் வைத்தாள். பதினான்காம் பக்கத்துக்கு வருமுன் களுபோவில ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

மிச்சத்தை நான் எழுதியிருக்க வேண்டும். நிறுவனம் அவசரப்படுத்தியது. ஆசிரியர்கள் எல்லோரிடமும் மவுஸ் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அப்படியே அச்சுக்கு அனுப்பினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கேட்டாள். “பதினாலில இருந்து கீபோர்ட் வழி போட்டனீரா?”

“ஓம், போட்டனான்” என்றேன். அவள் கண்ணை மூடிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன் என்று இத்தனை நாளும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து ஏழாம் நாள் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போனேன். அன்டன் அந்தக் கையேட்டைக் கொண்டுவந்து தந்தார். “ஆஸ்பத்திரியால வந்த கிழமையே இதை எடுப்பிச்சவ. என்னை வாசிக்கச் சொல்லிப்போட்டு, லப்டொப்பை மடியில வச்சு இடது கையால தட்டினவ. இந்தப் பக்கத்தில நிண்டிட்டா. ஏனெண்டு கேட்டன், சொல்லேல்லை. பென்சிலைத் தாங்கோ எண்டா.”

பதினான்காம் பக்கம். பாடத்தை மவுஸால் இழுத்து நேரசூசிக் கட்டத்தில் விடும் இடம். விரலை எடுங்கள் என்ற வரியை மறக்காமல் எழுதியிருந்தேன். கீபோர்ட் வழி இல்லை. ஓரத்தில் கோணல்மாணலாக, இடது கை எழுத்தில்: இங்க நிக்கிறன்.

அவள் இதை எழுதிய பிறகும் மூன்று முறை வீட்டுக்குப் போய் அவளைப் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் என் இடுப்பு வலியைப் பற்றி விசாரித்தாள். மழை பெய்கிறது, கடைசி பஸ்ஸைத் தவறவிடாமல் போம் என்றாள். கையேட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தாள். நான் திறக்கவில்லை.

இப்போது எழுதிவிட்டேன். அம்புக்குறி விசைகளால் பாடத்துக்குச் செல்லுங்கள். என்டர் விசையை ஒருமுறை தட்டி, விரலை எடுங்கள். அம்புக்குறி விசைகளால் வேண்டிய கட்டத்துக்குச் செல்லுங்கள். என்டர் விசையை மறுபடி ஒருமுறை தட்டி, விரலை எடுங்கள். நான்கே வரி. எழுதக் கால் மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. அலுவலகத்தில் சத்தமாக வாசித்தும் பார்த்தேன். எதிர்க் கதிரையில் செய்துபார்க்க ஆள் இல்லை.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கையேடுதான். அடுத்த பதிப்பில் இந்த வரிகள் வரும். வேறு யாரோ பதினைந்தாம் பக்கத்துக்குப் போவார்கள். நீர் அங்கேயேதான் நிற்கிறீர், ஸ்டெல்லா. நான்தான் உம்மை அங்கே நிற்க விட்டுவிட்டு வந்தேன்.