இன்னும் செட்டாகல

கரண்டியைத் திருப்பிப் பிடித்து, மரப்பிடியால் கான்கிரீட்டின் மேல் மூன்று தட்டுத் தட்டுவார் கடற்கரைக் கொத்தனார். பிறகு இடது காதைச் சாய்த்துக்கொள்வார். அந்த நேரம் பார்த்து யாராவது இருமினால் போச்சு, மறுபடியும் மூன்று தட்டு. கூரைக் கான்கிரீட் இறுகுவதற்காகப் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீரில் கணுக்கால் நனையக் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு எழுந்து, கீழே அண்ணாந்து நிற்கும் வீட்டுக்காரரிடம் ஒரே வார்த்தை சொல்வார்.

"செட்டாகல."

அந்த வார்த்தை இல்லாமல் அவருக்கு அரைநாள் ஓடாது. உறை ஊற்றிய பால் கெட்டியானால் செட்டாயிட்டு. பல்செட்டு, பம்புசெட்டு, மைக்செட்டு எல்லாம் ஊரே சொல்வதுதான். இவர் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற கூட்டத்தையும் செட்டு செட்டாகத்தான் பிரிப்பார். "எண்ணெய்ச் செட்டு வருது, வழுக்கும், ஒதுங்கி நில்லு." இரண்டு சித்தாள்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால், "அதுக ரெண்டுக்கும் செட்டாகாது, நடுவுல ஒரு ஆளைப் போடு." பெண் பார்க்கப் போய்விட்டு வந்தவனிடம் விசாரிப்பதும் அதேதான். "என்னலே, செட்டா?"

"அந்த ஒரு சொல்லுக்கு டிக்ஷனரியில பக்கம் பக்கமா அர்த்தம் போட்டிருக்கான் வே," என்றார் ஒருநாள் வல்லிநாயகம் சார். தென்காசியில் இங்கிலீஷ் வாத்தியார்.

"இருக்கும் சார்வாள். நம்ம பொழப்புக்கு ஏழெட்டுப் போதும். மிச்சத்தை நீங்க வச்சுக்கிடுங்க."

கொத்தனார் அச்சன்புதூர்க்காரர். மலையைப் பார்த்தே வளர்ந்தவருக்குக் கடற்கரை என்று பெயர் வைத்திருந்தார்கள். மனைவி பேராச்சியும் கட்டட வேலைக்குப் போனவள்தான். அவளுடைய இடது கையில் மூன்று விரல்தான் இருக்கும்.

மற்ற இரண்டும் போனபோது கடற்கரைக்கு இருபத்துநாலு வயது. கடையம் பக்கம் ஒரு வீட்டுக்கு சன்ஷேடு போட்டார்கள். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். அடியில் தாங்கி நிற்கிற கம்புகளை, முட்டு என்பார்கள், எடுத்துவிடலாமா என்று கேட்டபோது கரண்டியைக்கூடத் தொடாமல் "செட்டாயிட்டு" என்று சொல்லிவிட்டார். முட்டு எடுத்த கையோடு ஒரு ஓரம் பிளந்து விழுந்தது. அடியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த சித்தாள் பேராச்சி. மறு வருஷம் அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். பரிகாரக் கல்யாணம் என்று ஊரில் சிரித்தார்கள். பேராச்சிதான் வாயை அடைத்தாள். "ரெண்டு விரலுக்கு ஒரு புருசன் கெடைச்சிருக்கான். எனக்கு லாபந்தான். ஒங்க பொண்டாட்டிமாருக்கு எத்தனை விரலு போச்சு?"

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. எந்த வீட்டில் முட்டு எடுத்தாலும், கடைசி முட்டைத் தட்டும்போது கடற்கரை அந்தக் கூரைக்கு நேர் அடியில், நடு மத்தியில் போய் நிற்பார். வேறு ஒருவரையும் உள்ளே விடமாட்டார்.

எழுபத்தெட்டாம் வருஷம் வல்லிநாயகம் சார் மேலகரத்தில் வீடு கட்டினார். சிமெண்டு பர்மிட் இழுத்தடித்து, மகள் கல்யாணத்துக்குப் பதினாறே நாள் இருக்கையில்தான் மேல்கூரைக்குக் கான்கிரீட் போட முடிந்தது. பத்திரிகையில் 'எமது புதிய இல்லத்தில்' என்று அச்சடித்து மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விட்டது. ஆனி மாதச் சாரலோ விட்டபாடில்லை. பன்னிரண்டாம் நாள் கடற்கரை மேலே ஏறித் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"வெயிலே காணாத கான்கிரீட்டு சார்வாள். இன்னும் ரெண்டு வாரம் கெடக்கணும்."

"பன்னெண்டு நாள் ஆயாச்சுல்லா? நான் சம்பந்தி முகத்துல எப்படி முழிக்க?"

"முன்னால பந்தல் போட்டுருவோம்."

"பந்தலா? சாரல்லயா? எம்பிள்ளைக்கு ஒரு கல்யாணந்தான் வே! மாடி வேலை, காம்பவுண்டு வேலை எதுவும் இனி ஒமக்குக் கெடையாது, பாத்துக்கிடும்."

மறுநாள் சார், பலகையும் கம்பும் வாடகைக்கு விடுகிற பரீது பாயைச் சுத்தியலோடு கூட்டிவந்தார். கூடத்துக்குள் நுழைந்தால், முட்டுக் காட்டுக்கு நடுவே ஒரு செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறார் கடற்கரை.

"எந்திரிங்க கொத்தனாரே. பலகை எனக்கு அடுத்த வேலைக்கு வேணும்."

"நீரு தட்டும் பாய். நான் இங்கனதான் இருப்பேன்."

அந்நேரம் பேராச்சி தூக்குவாளியில் மத்தியானச் சோறு கொண்டுவந்தாள். வாசலில் நின்று சுத்தியலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். முட்டுகளுக்கு ஊடே குனிந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாளியைத் திறந்தாள்.

"ஏட்டி, வெளியே போ."

"சோறு ஆறிப்போவும். தின்னுங்க."

பரீது பாய் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டார். "சார், என்னைய விட்ருங்க. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு."

கல்யாணம் பந்தலில்தான் நடந்தது. ரசத்தில் சாரல் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாதிப்பேர் ஈர வேட்டியோடு பஸ் ஏறினார்கள். சார் கடற்கரை முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்தாறாம் நாள் முட்டு எடுத்தபோதும் வாசலிலேயே நின்றார். கடைசி முட்டு சரிந்தது. கூரை ஒரு மணல்கூட உதிர்க்கவில்லை. கடற்கரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

சொன்னபடியே மாடி வேலையைச் சார் வேறு ஆளுக்குத்தான் கொடுத்தார். ஆனால் அந்த ஆளிடம், "முட்டு எடுக்கிற நாளை மட்டும் கடற்கரையைக் கேட்டுக்கிடும்," என்று சொல்லிவிட்டார். அந்த வழக்கம் அப்படியே மற்ற வீடுகளுக்கும் பரவியது.

இப்போது கடற்கரைக்கு எழுபத்தைந்து ஆகப் போகிறது. அச்சன்புதூரில்தான் இருக்கிறார். சாரத்தில் ஏறி வேலை செய்வதில்லை. காது ரொம்ப மந்தம். ஆனாலும் தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் முட்டு எடுக்கிற வீடுகளிலிருந்து ஆள் வந்துவிடும். கொத்தனார் கிளம்பினால் பேராச்சியும் கூடவே கிளம்புவாள்.

போன வாரம் பண்பொழியில் ஒரு வீடு. கீழே நாலு பேர் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். கடற்கரை பாத்தித் தண்ணீரில் குந்தி, கரண்டிப் பிடியால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்த பேராச்சியின் முகத்தைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பைக் காதோரம் ஒதுக்கித் தலையைச் சாய்த்தாள். இன்னொரு தரம் தட்டச் சொல்லிச் சைகை காட்டினாள். தட்டினார். பேராச்சி எழுந்து ஓரத்துக்கு வந்து, கீழே நிற்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி இடது கையை உயர்த்தி மறித்தாள். அந்த மூன்று விரலைப் பார்த்ததும் நாலு பேரும் சுத்தியலை இறக்கி வைத்தார்கள்.