பதினைந்து நிமிடத்துக்கு ஓர் இடம்

தங்கையின் வீட்டை என் பாதத்தால் அளந்தேன். கட்டில் போக, டி.வி. மேசை போக, அவள் மாமனார் உட்காரும் கதிரை போக, மிச்சத் தரை ஏழு பாதம் நீளம், நான்கு பாதம் அகலம். ஒரு பெண் முழங்காலிட்டு, நெஞ்சைத் தரையில் வைத்து, இடுப்பை உயர்த்தியபடி இருக்க அது போதும். ஆனால் மாமனாரின் கதிரை அந்தத் தரையைப் பார்த்தபடியே கிடந்தது.

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், அதில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் ஒரு லயம். தங்கைக்கு எட்டாம் மாதம், தலைப்பிள்ளை. தாய் வீட்டில் நடக்க வேண்டிய பிரசவம். எங்களுக்குத் தாயும் இல்லை, வீடும் இல்லை. கொழும்பில் பத்திரிகை வேலையில் இருக்கும் நான் மூன்று பெண்களோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்கிறேன். அவளை அங்கே அழைத்துப்போக முடியாது; ஆகவே லீவு எடுத்துக்கொண்டு நான் வந்தேன். அவள் கணவனும் கொழும்பில்தான், ஒரு சாப்பாட்டுக் கடையில். மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் இருந்தது மாமனாரும் கொழுந்தனும். மாமியார் உயிரோடு இல்லை. சமையல் தங்கையுடையது.

வந்த மறுநாள் கிளினிக். மருத்துவ மாது ஒரு சிங்களப் பெண், ஐம்பது வயதிருக்கும். தங்கையின் கையைப் பிடித்து விலாவுக்குக் கீழே ஓரிடத்தில் வைத்து அழுத்தினார். உருண்டையாக, கெட்டியாக ஏதோ இருந்தது.

"இது தலை. மேல இருக்கு. கீழ வரணும்."

ஸ்கேனும் அதையே சொன்னது. இன்னும் நாள் இருக்கிறது, தானாகவே திரும்பலாம். திரும்பாவிட்டால் பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் வயிற்றின் மேல் கைவைத்துத் திருப்பிப் பார்ப்பார். அதுவும் சரிவராவிட்டால் ஒப்பரேஷன். அதுவரை வீட்டில் செய்ய ஒன்று இருக்கிறதென்று, அவரே மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு சீமெந்துத் தரையில் முழங்காலிட்டுக் காட்டினார்.

"இது செஞ்சா திரும்பும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். செஞ்சு பாக்கலாம். காலைல பதினஞ்சு நிமிசம், பின்னேரம் பதினஞ்சு. தலை சுத்தினா நிப்பாட்டு. எண்ணெய் போட்டுத் திருப்புறேன்னு எவ வந்தாலும் வயித்தத் தொட விடாத. தண்ணி போனா, ரத்தம் பட்டா, புள்ள அசையிறது கொறைஞ்சா, அன்னிக்கே ஆஸ்பத்திரி."

தங்கைக்கு ஒப்பரேஷன் என்ற சொல்லே பயம். பக்கத்து லயத்துப் பெண்ணுக்குப் போன வருடம் அது நடந்தது. லீவு முடிந்து மலையேறியவள் ஒரு கையால் கொழுந்துக் கூடையின் கயிற்றையும் மறு கையால் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டு இறங்கியதைத் தங்கை தினமும் பார்த்திருக்கிறாள். "எனக்கு அப்புடி வேணாம்க்கா" என்று பஸ்ஸில் ஒரு தடவை சொன்னாள்.

அன்று பின்னேரம் மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். பதினைந்து நிமிடம் இஸ்தோப்பில் இருக்கச் சொன்னேன். இஸ்தோப்பு என்பது வீட்டின் முன்விறாந்தை, நாலடி தூரம். கொழுந்தன் உடனே எழுந்து வெளியே போனான். மாமனார் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மழ பேயுது."

"இஸ்தோப்புக்குக் கூரை இருக்கு மாமா."

"சாரல் அடிக்கும். எவளோ மாடு மாதிரி நிக்கச் சொன்னான்னு என்னைய வெளிய போகச் சொல்றியா? எங்க வீட்டுப் பொம்பள பத்துப் பெத்தா. ஒண்ணுக்கும் இப்புடி நிக்கல."

பத்தில் நான்குதான் மிஞ்சின என்று தங்கை முன்பு சொல்லியிருந்தாள். அதைக் கேட்க வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

குசினியில் முயன்றோம். அடுப்பும் விறகும் போக மிஞ்சிய இடத்தில் அவளால் பக்கவாட்டில்கூட முழங்காலிட முடியவில்லை. பின்கதவுக்குப் பதிலாக ஒரு பழைய சேலை தொங்கியது. அதற்கு அப்பால் ஊரே நடக்கும் பாதை. மறுநாளும் கேட்டேன். செய்தி ஓடுகிறது என்றார். அதற்கு மறுநாள் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றார். வேலையில் நான் எத்தனையோ பேரின் பொய்யான மறுப்புகளை எழுதி எடுத்திருக்கிறேன். கதிரையிலிருந்து எழாமலே ஒரு மனிதன் ஒரு பிள்ளையின் வழியை மறிக்க முடியும் என்பதை அந்த மூன்று நாளில்தான் பார்த்தேன்.

நான்காம் நாள் பத்து மணிக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு தங்கை வேலைசெய்யும் தேயிலை மலைக்குப் போனேன். கொழுந்தெடுக்கும் அவளுக்கு எட்டாம் மாதமானாலும் லீவு தொடங்கவில்லை. காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போய் நின்றால்தான் அன்றைய வேலை. கூடை தூக்க வேண்டாம் என்று புல் பிடுங்க விட்டிருந்தார்கள். நான் போனபோது தங்கையைக் காணவில்லை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி வட்டமாக நின்றார்கள். நடுவே, செடிகளுக்கிடையில் இருந்த சிறு சமதரையில், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, தங்கை முழங்காலிட்டிருந்தாள். கன்னம் படங்கில் பதிந்திருந்தது.

"வா புள்ள, வந்து நேரத்தப் பாரு. எங்ககிட்ட மணிக்கூடு இல்ல" என்றாள் ஒருத்தி.

"அட்டை ஏறுதான்னும் பாரு. அதுக்கு மாசம் கீசம் தெரியாது" என்றாள் இன்னொருத்தி.

வேலையைப் பார்க்கும் கங்காணி மேலிருந்து கத்திக்கொண்டே இறங்கினார். "என்னடி கூட்டம்? எவ விழுந்தா?"

"யாரும் விழல கங்காணி. உள்ள புள்ள திரும்புது. நீங்களும் அந்தப் பக்கம் திரும்புங்க."

"வேல நேரத்துல என்ன கூத்து இது? தொர வந்தா நான் என்னத்தச் சொல்ல?"

"தொரையும் ஆத்தா வயித்துல தலகீழா நின்னு வந்தவருதான்னு சொல்லுங்க."

"உங்க வாயில..." என்றார். வட்டத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாதையைப் பார்த்தபடி மழைத் தூறலில் நின்றார். சிறிது நேரம் கழித்து, திரும்பாமலே, "முடிஞ்சிச்சா? இல்லாட்டி இருக்கட்டும்" என்றார்.

அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் இன்னும் கூடியது. விரட்டி வேலை வாங்குபவருக்கு முடிந்தது இது; மாமனாருக்கு முடியவில்லை.

ஞாயிறு தவிர எல்லா நாளும், இரண்டு வேளையும், மலையில்தான் செய்தாள். அடுத்த கிளினிக்கில் மருத்துவ மாது அடிவயிற்றில் இரண்டு கைகளையும் வைத்து வெகுநேரம் தடவினார். பிறகு சிரித்தார். தலை கீழே.

"நாங்க செஞ்சதாலயா மிஸ்?" என்றாள் தங்கை.

"தெரியாது. நிறையப் புள்ளைங்க தானாவே திரும்பும். ஆனா இனி சும்மா சாஞ்சு கெடக்காத. முன்னால சாஞ்சு உக்காரு, முழங்கால் இடுப்புக்குக் கீழ இருக்கட்டும். கதிரையத் திருப்பிப் போட்டு, முதுகுப் பலகையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காரலாம். புள்ளையோட முதுகு முன்பக்கம் வந்தா வலி லேசா இருக்கும்."

அந்த வீட்டில் ஒரே ஒரு கதிரை. கையில்லாத மரக் கதிரை.

நாங்கள் திரும்பியபோது மாமனார் கோயிலுக்குப் போயிருந்தார். தலை திரும்பியதைக் கொழுந்தனுக்குப் போனில் சொல்லியிருந்தேன். அவன் அவருக்குச் சொல்லியிருக்கிறான். கதிரையைத் திருப்பிப் போட்டேன். தங்கை இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்து, பலகையின் மேல் கைகளை மடித்து, அதில் தாடையை வைத்துக்கொண்டாள். போனில் நேரம் பார்த்தேன்.

வெளியே அவர் குரல் கேட்டது. பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்: "சாமிக்கு நேந்துகிட்டேன், திருப்பி விட்டுட்டாரு பாத்தியா." உள்ளே வந்தவர் கையில் உடைத்த தேங்காயோடு நின்றார்.

"என்ன இது? குதிர ஏறுன மாதிரி?"

என்னிடம் மூன்று நாள் பதில்கள் சேர்ந்திருந்தன. தங்கை முந்திக்கொண்டாள்.

"மிஸ் சொன்னாங்க மாமா. பதினஞ்சு நிமிசம். மழ விட்டிருச்சு, இஸ்தோப்புல உக்காருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். தேங்காயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பதினைந்து நிமிடம் ஆனது. தங்கை எழவில்லை. நானும் நேரம் சொல்லவில்லை.