அல்மா தூங்கிய நடைமேடை

எஸ்பென் சைக்கிளில் ரொட்டி வாங்கப் போய் நடந்தே வீடு திரும்பிய கதையை டென்மார்க்கில் எங்கள் கோல்டிங் ஊரில் கேட்காதவர்கள் குறைவு. சைக்கிள், ரொட்டிக்கடை வாசலிலேயே நின்றது. நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வண்டியை விட்டு இறங்கினால்தான் வம்பு.

அப்பேர்ப்பட்டவனை நம்பி எட்டு மாதக் குழந்தையை எல்லை தாண்டி அனுப்ப அவன் மனைவி டீனே ஒப்புக்கொண்டாள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. அவள் நர்ஸ். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் வேலைக்குப் போய்விட்டால் அல்மா அப்பா பொறுப்பு. ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் இருக்கும் நண்பர்கள் யோர்னும் ஹைகேயும் சனி, ஞாயிறு வந்துவிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். ஒத்திகைக்கு நல்ல சமயம் என்று டீனே வேண்டுமென்றே வீட்டில் நின்றுகொண்டாள்.

"இந்த ரெண்டு நாள் ஒழுங்கா போச்சுன்னா நான் வேலைக்குப் போறேன். இல்லைன்னா என் லீவை நீட்டிச்சுக்கறேன்," என்றாள் ரயிலடியில். "எதை வேணா தொலைச்சுட்டு வா. இவ மேல இருந்து மட்டும் கண்ணை எடுக்காதே."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா உன்னையும் இவ வண்டியில வச்சுக் கட்டியிருப்பேனே!"

ரயிலில் ஹீட்டரை யாரோ பழிவாங்குவதுபோல் முடுக்கி வைத்திருந்தார்கள். கோல்டிங்கில் அழ ஆரம்பித்த அல்மா எல்லை தாண்டியும் ஓயவில்லை. தூக்கம் கண்ணைச் சொருகுகிறது, ஆனால் தூங்கமாட்டாள். எப்படித் தூங்குவாள்? பிறந்ததிலிருந்து பகல் தூக்கம் முற்றத்தில்தான், குளிர்காற்றில், வண்டிக்குள் கம்பளியில் சுருண்டு. எங்கள் ஊரில் ஒரு குழந்தை பகலில் வீட்டுக்குள் தூங்கினால்தான் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. முன்னால் தண்டவாளத்தில் ஐஸ் உறைந்துவிட்டதாம், அரை மணி நேரமாவது ஆகுமாம். எஸ்பெனுக்கு வரம் கிடைத்த மாதிரி இருந்தது. குழந்தை வண்டியை இறக்கி, சுவர் ஓரமாக நிறுத்தி, பிரேக் போட்டு, இறகுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். கூரையிலிருந்து ஒரு பனித்துகள் மூக்கில் விழுந்ததும் அல்மா கண்ணை மூடினாள். கோட்டு ரயிலுக்குள்ளே இருந்ததால் அவன் பல் கிட்டிப்போய் ஏறி வந்து, ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்தான். வண்டி கண்ணெதிரேதான் இருந்தது.

எதிர் இருக்கையில் பின்னிக்கொண்டிருந்த ஜெர்மன் அம்மாள் ஊசியைக் கீழே வைத்தார். "தம்பி, குழந்தை எங்க?"

"அதோ, தூங்குது."

"இந்தக் குளிர்லயா? உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?"

எஸ்பெனுக்குச் சுருக்கென்றது. தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் ஆரம்பித்தான். எங்கள் ஊரில் காபிக் கடை வாசலெல்லாம் குழந்தை வண்டிகள்தான், யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை, சளி பிடிப்பதெல்லாம் ஹீட்டரில் வேகும் பிள்ளைகளுக்குத்தான் என்று அடுக்கினான். ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. அவன் காதில் ஏறவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வாதத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சுவர் நகர்ந்தது.

கதவுக்குப் பாய்ந்தான். பொத்தானை அழுத்தினான், குத்தினான், கதவை உதைத்தான். கண்ணாடி வழியே வண்டி சின்னதாகிக்கொண்டே போனது. "அல்மா! அல்மா!" என்று கத்தினான். வேறு எதுவும் தோன்றவில்லை. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. திரும்பினால், அந்த அம்மாள் அபாயக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் திட்டிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். எஸ்பென் ஓடினான், சறுக்கி விழுந்தான், எழுந்து ஓடினான். சுவர் ஓரத்தில் வண்டி இல்லை. பனியில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது.

தடம் ஸ்டேஷன் டீக்கடைக்குள் போனது. கடைக்காரம்மா மடியில் அல்மா, போர்வையெல்லாம் உரிக்கப்பட்டு, வீறிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எல்லைப் போலீஸ்காரர் ஒருவர்.

"நான்தான் அப்பா, குடுங்க."

"நல்ல அப்பா! நீ ஜன்னலோரம் காபி குடிச்சதைப் பார்த்துட்டுத்தான் இருந்தேன்." கடைக்காரம்மா குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "நாய்க்குட்டியைக்கூட இப்படி விடமாட்டாங்க."

பையும் கோட்டும் பின்னாலேயே வந்து சேர்ந்தன. கண்டக்டர் வாசலில் போட்டுவிட்டு ஓடினார், ரயில் போய்விட்டது. போலீஸ்காரர் அடையாள அட்டையைப் பார்த்தார், திருப்தி இல்லை. அம்மாவின் நம்பரைக் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டார்.

"மேடம், உங்க குழந்தையைக் கொட்டற பனியில போட்டுட்டு உங்க வீட்டுக்காரர் ரயிலுக்குள்ள காபி குடிச்சிட்டு இருந்திருக்கார்."

போனில் டீனேவின் குரல், ஜெர்மனில் தெளிவாக: "தூங்கினாளா?"

"என்னது?"

"என் பொண்ணு தூங்கினாளான்னு கேக்கறேன்."

"தூங்கிட்டுத்தான் இருந்தா," என்றார் கடைக்காரம்மா. "நான் தூக்கினதும் முழிச்சுட்டா."

"தூங்கற குழந்தையை உங்களை யாரு தூக்கச் சொன்னது? நாங்க எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம். குடுங்க அவங்கப்பாகிட்ட!"

போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அல்மா கைமாறினாள். போனையும் எஸ்பெனிடமே கொடுத்துவிட்டார்கள்.

"பயந்துட்டியா?" டீனே டேனிஷில் கேட்டுச் சிரித்தாள். "ஹைகேகிட்ட சொல்லு, அடுத்த மாசம் வேலைக்குப் போனதும் நானும் வர்றேன்னு."

இதோடு விட்டிருக்கலாம். ரயில் நகர்ந்த விஷயத்தைப் போலீஸ்காரர் டீனேவிடம் சொல்லவே இல்லை. அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்கக் கேட்க அவனால் மறைக்க முடியவில்லை.

"டீனே, ரயில் கிளம்பிடுச்சு. நான் உள்ள இருந்தேன்."

அவள் சிரிப்பு நின்றது. "எப்படி நின்னுது? நீயா நிறுத்தினே?"

"இல்லை. எதிர்ல இருந்த அம்மா. எனக்கு அது தோணவே இல்லை."

"போனை அல்மா காதுல வை," என்றாள்.

வைத்தான். டீனே என்ன சொன்னாளோ, அல்மா கேவலை நிறுத்திக் கேட்டாள். அவன் தன் காதுக்கு எடுத்தபோது இணைப்பு போயிருந்தது.

ஹாம்பர்க் ரயில் முதலில் வந்தது. அதில் ஏறுவதா வேண்டாமா என்று நின்றபோது டீனேவிடமிருந்து செய்தி வந்தது: 'லீவை நீட்டிக்கறேன்னு எழுதிப் போட்டுட்டேன். வீட்டுக்கு வா.'

அவள் மேல் கோபப்பட ஒரு காரணமாவது கிடைக்காதா என்று தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்தக் கடைக்காரம்மா பார்க்கப் பார்க்க, விக்கி விக்கி அழுதான்.