ஆந்தைகளின் ரேஷன்

இன்று எங்கள் தீவின் பாம்பூஃப்ளாட் படகில் பக்கத்திலிருந்த பெண், கைபேசியில் ஓர் ஆந்தைக் குடும்பத்தைக் காட்டி, "எவ்வளவு பாசம் பாருங்க ஆன்ட்டி!" என்று உருகினாள்.

எனக்குப் பாசம் தெரியவில்லை, களைப்புதான் தெரிந்தது.

அறுபதுகளின் இறுதியில் வண்டூரில் எங்கள் வயலோர மரப்பொந்தில் ஓர் ஆந்தை இணை இரண்டு குஞ்சுகளை வளர்த்தது. பெற்றோர் அளவுக்கு வளர்ந்த பின்னும் அவை பசியில் அலறின. பெரியவை பகலிலும் இரை தேடி அலைந்து, ஒரு பல்லியோடு திரும்பின.

பக்கத்து வயல் வங்காளிப் பெண் என் எலிப்பொறிகளைப் பார்த்துச் சிரித்தாள். "தீதி, இன்கா ராஷன் தோ ஆப்னே பகட் லியா!"

அவற்றின் ரேஷனை நான் பிடித்துவிட்டேனாம். நெல்லைக் காக்க வைத்த பொறிகள் அவை, எடுக்க முடியாது. ஆகவே, சிக்கிய எலிகளை அம்மரத்தின் தாழ்ந்த கிளையில் வைத்தேன். மறுக்காமல் எடுத்துக்கொண்டன.

ஒரு மாலை குஞ்சுகள் பறந்துபோய், பொந்து காலியாக இருந்தது. தாயோ தந்தையோ, ஒன்று எலியோடு வந்து உள்ளே எட்டிப் பார்த்தது. சற்று உட்கார்ந்திருந்தது. பிறகு எலியைத் தானே தின்றது.

"ஐயோ, பாவம்!" என்றாள் இதைக் கேட்ட படகுப் பெண்.

அந்த ஆண்டு நான் கண்ட ஒரே நிம்மதியான காட்சி அதுதான் என்றேன்.

பிள்ளைகளை மெயின்லேண்டுக்கு அனுப்பிவைத்தவர்கள் மட்டும் மறுப்புத் தெரிவிக்கலாம்.